தங்கவயலிலிருந்து தலைநகருக்கு

பெங்களூரைப் பற்றிப் பேசுவோர் முதலில் அதன் குளிர்ந்த காற்றைப் பற்றிப் பேசிய காலம் ஒன்று இருந்தது. இன்று முதலில் பேசப்படுவது அந்நகரத்துச் சாலை நெரிசலே. அங்கே மக்கள் தொகை ஒரு கோடியைக் கடந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பதிவு பெற்ற வாகனங்களின் தொகையும் 2023ஆம் ஆண்டை ஒட்டி ஒரு கோடியைத் தாண்டியது. அவற்றில் பெரும்பகுதி இருசக்கர வண்டிகள். அடுத்த நிலையில் கார்கள். இவ்வாறு வண்டி வைத்திருப்பவரை முன்னிட்டே விரிந்துவிட்ட ஒரு நகரத்தில், வண்டி இல்லாத ஒருவர் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எவ்வாறு போய்ச் சேருகிறார் என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

நகரத்துக்குள்ளேயே குடியிருப்பவரைக் கொண்டு இதனை விளக்கலாம். ஆயினும் நாள்தோறும் வெளியூரிலிருந்து வந்து திரும்புபவரைக் கொண்டு விளக்கினால் பொருள் இன்னும் தெளிவாகும். உள்ளூர்க்காரர் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்த பேருந்தில் போவார். வெளியூர்க்காரர் ஒன்றைத் தவறவிட்டால் அவருடைய அன்றைய நாளே குலைந்துபோகும். ஆதலின் கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் என்னும் குடியிருப்பிலோ, அதனைப் போன்ற வேறொரு சுரங்கக் குடியிருப்பிலோ வாழ்ந்து, பிழைப்புக்காகப் பெங்களூர் சென்று வரும் ஒருவரை நாம் மனத்தில் கொள்வோம்.

இவருடைய பாட்டனார் வேலைக்குச் சென்று வந்த விதத்தை எண்ணிப் பார்ப்பது நல்லது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கத் தொழிலை ஏற்று நடத்தத் தொடங்கினர். வட ஆற்காடு, சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் திரளாக வந்து குடியேறினர். அவர்களுக்காகச் சுரங்க வாயில்களை ஒட்டியே வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தன. அவ்வரிசைகளை இன்றும் தங்கவயல் மக்கள் 'லைன்' என்றே சொல்லுகின்றனர். சங்கு ஊதியதும் வீட்டை விட்டுப் புறப்பட்டவர் சில நிமிட நடையில் சுரங்க வாயிலை அடைவார். அங்கிருந்து கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்குவார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. ஆகவே அந்நாளில் தங்கவயல் தொழிலாளியின் பயணம் கீழ்நோக்கிய பயணமாக இருந்தது. அதற்கு வேண்டிய வாகனத்தைக் கம்பெனியே வைத்திருந்தது, கட்டணம் கிடையாது, கூண்டு நேரத்துக்கு இறங்கும், நேரத்துக்கு ஏறும். உள்ளே இருந்த அபாயமும் நோயும் வேறு கதை. வேலைக்குப் போய்ச் சேருவது மட்டும் அவருக்கு ஒரு கவலையாக இருந்ததில்லை.

மின்சாரம்கூடப் பெங்களூருக்கு முன்னரே தங்கவயலுக்கு வந்தது. சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுக்கப்பட்ட மின்சாரம் 1902ஆம் ஆண்டில் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே இச்சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905ஆம் ஆண்டில்தான். ஒரு காலத்தில் தலைநகரத்துக்கே முன்னோடியாக விளங்கிய இவ்வூரின் சுரங்கங்களை 1956ஆம் ஆண்டில் மைசூர் அரசு ஏற்றுக்கொண்டது. பின்னர் அவை மத்திய அரசின் கைக்கு மாறி, 1972ஆம் ஆண்டில் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் நிறுவனம் ஆயின. தங்கத்தின் அளவு குறைந்து செலவு மிகுந்ததனால் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அந்நிறுவனம் சுரங்கங்களை மூடியது. அன்றுமுதல் காலடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த வேலை, மேற்கே எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் தூரத்துக்கு அகன்று போயிற்று எனலாம். பி.இ.எம்.எல். தொழிற்சாலை இங்கு இருப்பது உண்மையே. ஆனால் சுரங்கத்தை இழந்த குடும்பங்கள் அனைத்தையும் அது ஒன்றே தாங்குவது எங்ஙனம்? காவல் வேலை, துப்புரவு வேலை, மருத்துவமனைப் பணி, ஆடைத் தொழிற்சாலை, படித்த இளைஞர்களுக்குக் கணினி அலுவலகம் என்று ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் எழுந்து பெங்களூர் வண்டி ஏறுகின்றனர்.

அவர்களுக்குப் பற்றுக்கோடாக நிற்பது சுரங்கம் விட்டுச் சென்ற ஒரு பொருளே. அதுதான் இருப்புப்பாதை. பெங்களூரையும் ஜோலார்பேட்டையையும் இணைக்கும் பாதை 1864ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது. அப்பாதையில் பௌரிங்பேட்டை என்று அந்நாளில் வழங்கிய பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கிளைப் பாதையை 1893-94 ஆண்டுகளில் அமைத்தனர். இயந்திரமும் நிலக்கரியும் சுரங்கத்துக்கு வந்து சேருவதற்காகப் போட்ட பாதை அது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று நிலையங்களின் பெயர்களே சுரங்கங்களையும் சுரங்கக் குடியிருப்புகளையும் நினைவூட்டுவன. பொருள் ஏற்றப் போட்ட பாதை இன்று ஆள் ஏற்றுகிறது. சுரங்கம் மூடியபோது இக்கிளைப் பாதையும் மூடப்பட்டிருந்தால் தங்கவயலின் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் நகர நிலையம் வரை இருப்புப்பாதைத் தூரம் ஏறத்தாழ 86 கிலோமீட்டர். சாதாரண வண்டியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் நிலையத்தில் ஏறுபவருக்கு இடம் கிடைக்கும். பங்காருபேட்டையிலும் மாலூரிலும் ஏறுபவர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டே வரவேண்டியிருக்கும். நாள்தோறும் செல்பவர்கள் ஒரே பெட்டியில் ஏறுவதை வழக்கமாகக் கொண்டு, பின்னால் ஏறும் நண்பருக்காக இடம் பிடித்து வைப்பதும் உண்டு. "வாண்ணா, ஒக்காருங்க, உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன்" என்னும் உபசாரத்தைக் காலை இருட்டில் கேட்பது இனிமையாகவே இருக்கும். நின்றுகொண்டிருக்கும் புதியவருக்கு அவ்வளவு இனிமையாக இராது.

இங்கே மாதச் சீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். எம்மைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் இதனைப் 'பருவச் சீட்டு' என்று எழுதுவது வழக்கம். மாம்பழத்தைப் போல இது குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் கிடைக்கும் பொருள் என்று எவரேனும் மயங்கினால் பழி எம்மைச் சாரும். மக்கள் சுருக்கமாகச் 'சீசன்' என்கின்றனர், அதுவே விளங்குகிறது. 150 கிலோமீட்டர் வரை உள்ள தூரத்துக்கு இது வழங்கப்படுகிறது. மாதம் முழுவதும் நாள்தோறும் தனிச்சீட்டு வாங்கினால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், சீசனின் விலை அதில் ஒரு சிறு பங்குதான். மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் விலை இன்னும் சற்றுக் குறையும். முன்பதிவுப் பெட்டிகளில் இச்சீட்டைக் கொண்டு ஏறுதல் கூடாது. அதிவிரைவு வண்டிகளுக்குத் தனிக் கட்டணமும் உண்டு. சென்னை செல்லும் விரைவு வண்டி ஒன்று வசதியான நேரத்தில் வருகிறதே என்று ஏறி, பரிசோதகரிடம் அபராதம் கட்டுபவர்கள் பெரும்பாலும் சீசன் வாங்கிய முதல் மாதத்துப் பயணிகளே.

இனி நகரத்தைப் பார்ப்போம். சென்னை மாநகரம் 1931ஆம் ஆண்டிலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் பெற்றது. அப்பாதையை ஒட்டியே சைதாப்பேட்டையும் பல்லாவரமும் குரோம்பேட்டையும் வளர்ந்தன. முதலில் பாதை, பின்னர் குடியிருப்பு என்பது அங்கே ஓரளவு நிகழ்ந்தது. பெங்களூருக்கு அத்தகைய புறநகர் ரயில் வாய்க்கவில்லை. 1978ஆம் ஆண்டில் தெற்கே எலக்ட்ரானிக் சிட்டி வந்தது. 1990களில் கிழக்கே ஒயிட்ஃபீல்டில் தொழில்நுட்பப் பூங்கா வந்தது. பின்னர் வெளிவட்டச் சாலையின் இருபுறமும் அலுவலகங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு போன்றது. தீவுகளுக்கு இடையே செல்வதற்குச் சாலை மட்டுமே இருந்தது. ஆகவே கார் வாங்கக்கூடியவர் கார் வாங்கினார், மற்றவர் ஸ்கூட்டர் வாங்கினார். பெங்களூர் மெட்ரோவின் முதற் பகுதி 2011ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் திறக்கப்பட்டபொழுது, அதன் நீளம் பையப்பனஹள்ளியிலிருந்து மகாத்மா காந்தி சாலை வரை 7 கிலோமீட்டருக்கும் குறைவே.

இந்நிலை பெங்களூருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஒரு காலத்தில் மிக விரிந்த மின்சார ரயில் அமைப்பை உடையதாக இருந்தது. காருக்கு வழிவிட்டு அதனைச் சிறிது சிறிதாகக் கைவிட்டனர். 1961ஆம் ஆண்டில் கடைசி வண்டியும் நின்றது. 1990ஆம் ஆண்டில் புதிதாக அமைத்த பாதையில் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் நகரம் சாலைகளைச் சுற்றியே உருவாகிவிட்டமையால், ரயில் ஓடியும் அது செல்லாத இடங்களே அங்கு மிகுதி.

இவ்வகை நகரங்களில் வண்டியே இல்லை என்று சொல்வதற்கில்லை. ரயில் உண்டு, மெட்ரோ உண்டு, பேருந்து உண்டு, ஷேர் ஆட்டோவும் உண்டு. குறை எங்கே இருக்கிறது எனின், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் இருக்கிறது. ரயில் ஒரு துறை, மெட்ரோ ஒரு நிறுவனம், பேருந்து வேறொரு கழகம். ஒவ்வொன்றும் தன் வண்டியைத் தன் நேரத்தில் ஓட்டுகிறது. இடையில் உள்ள கால் மைலையும் அரை மணியையும் பயணியே தம் காலாலும் பொறுமையாலும் நிரப்பிக்கொள்ளவேண்டும். கார் வைத்திருப்பவருக்கு இந்த இடைவெளியே தெரியாது. வாசலில் ஏறி வாசலில் இறங்குகிறார். ஆகவே பொதுப் போக்குவரத்தில் செல்பவர் கற்கவேண்டிய முதற் பாடம், எங்கே மாறுவது என்பதுதான்.

இதற்குப் பெங்களூரிலேயே ஒரு சான்று உண்டு. மெட்ரோவின் ஊதா வழித்தடத்தை ஒயிட்ஃபீல்டு வரை நீட்டியபொழுது, ஒயிட்ஃபீல்டிலிருந்து கிருஷ்ணராஜபுரம் வரையிலான 13.71 கிலோமீட்டர் 2023ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் திறக்கப்பட்டது. பழைய பாதை பையப்பனஹள்ளியில் முடிந்திருந்தது. இரண்டுக்கும் இடையே எஞ்சியது இரண்டு கிலோமீட்டர் அளவே. பென்னிகானஹள்ளியில் இருப்புப்பாதைக்கு மேலே இரும்புப் பாலம் அமைக்கும் வேலை தாமதமானதால் அவ்விரண்டு கிலோமீட்டர் மட்டும் நின்றுவிட்டது. பயணிகள் ஒரு மெட்ரோவில் இறங்கி, இணைப்புப் பேருந்தில் ஏறி, நெரிசலில் ஊர்ந்து, மற்றொரு மெட்ரோவில் ஏறினர். பலர் அதனை விரும்பாது சாலையிலேயே சென்றனர். புதிய பாதையில் வண்டிகள் ஆளின்றி ஓடின. அக்டோபர் 9ஆம் நாள் அந்த இரண்டு கிலோமீட்டரும் இணைந்தவுடன் பயணிகளின் கூட்டம் பெருகிற்று. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையின் பயனை இரண்டு கிலோமீட்டர் ஆறரை மாதம் தடுத்து நிறுத்திற்று என்றால், இணைப்பின் அருமை விளங்கும்.

தங்கவயல் பயணிக்கு இந்நிகழ்ச்சி பெரிய நன்மையாக முடிந்தது. முன்பெல்லாம் பெங்களூர் செல்வது என்றால் நகர நிலையத்தில் இறங்கி, எதிரே உள்ள மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்து வேண்டிய திசையில் பேருந்து ஏறுவது வழக்கம். இவ்வழக்கம் இன்றும் பலரிடம் இருக்கிறது. கிழக்கேயிருந்து வருபவர், கிழக்கே உள்ள ஓர் இடத்துக்குச் செல்லவேண்டி, நகரத்தின் மேற்குக் கோடி வரை சென்று மீண்டும் கிழக்கே திரும்பி வருகிறார். இது வீண் அலைச்சல். நமக்கு வேண்டிய இடத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கு ஏற்ற நிலையத்தில் இறங்குவதே முறை.

தொழில்நுட்பப் பூங்காவில் வேலை உடையவர் ஒயிட்ஃபீல்டிலேயே இறங்கிவிடலாம். ரயில் நிலையத்தை அடுத்தே மெட்ரோ நிலையமும் இருக்கிறது. அங்கிருந்து சில நிலையங்கள் தள்ளி உள்ள பட்டந்தூர் அக்ரஹாரம் பூங்காவுக்கு அண்மையது. சத்ய சாயி மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிக்கும் இதுவே வழி. மருத்துவமனையின் பெயரிலேயே ஒரு மெட்ரோ நிலையம் இருக்கிறது. நோயுற்றவரை அழைத்துக்கொண்டு மெஜஸ்டிக் வரை போய்த் திரும்புவது எத்தகைய துன்பம் என்பதை அனுபவித்தவர் அறிவர்.

வெளிவட்டச் சாலையில் உள்ள அலுவலகங்களுக்குச் செல்பவர் கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கவேண்டும். அங்கே ரயிலும் மெட்ரோவும் வெளிவட்டச் சாலையும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஹெப்பாளுக்கும் சில்க் போர்டுக்கும் இடையே வெளிவட்டச் சாலையில் ஓடும் 500டி எண் பேருந்தும், அதே வரிசையில் 500 என்று தொடங்கும் மற்றப் பேருந்துகளும் டின் ஃபாக்டரி நிறுத்தத்தின் வழியே செல்கின்றன. சந்திக்கின்றன என்று சொன்னோமே தவிர, அச்சந்திப்பு நடப்பவருக்கு எளிதாக அமைந்ததாகச் சொல்லமாட்டோம். 2003ஆம் ஆண்டில் இங்கே இருப்புப்பாதைக்கு மேலே கம்பிகளால் தாங்கப்படும் அழகிய தொங்கு பாலம் ஒன்று கட்டப்பட்டது. கார்கள் ரயிலைக் கடந்து செல்வதற்காகப் பெரும் பொருட்செலவில் எழுந்த பாலம் அது. ரயிலிலிருந்து இறங்கியவர் மறுபுறத்துப் பேருந்து நிறுத்தத்தை அடைவதற்கு மட்டும், விரைந்து வரும் வண்டிகளுக்கும் சாலையோரக் கடைகளுக்கும் இடையே வழி தேடவேண்டியிருக்கிறது. ஒரு நகரம் யாரை முன்னிட்டு அமைந்தது என்பதை அறிய விரும்புவோர் அந்தச் சந்திப்பில் காலை எட்டரை மணிக்கு ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

பையப்பனஹள்ளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே பழைய ரயில் நிலையம் ஒன்று. 2022ஆம் ஆண்டில் திறந்த விசுவேசுவரய்யா முனையம் மற்றொன்று. இரண்டும் அருகருகே இருப்பது போலத் தோன்றினும் ஒன்றல்ல. மெட்ரோவுக்கு அண்மையில் இருப்பது பழைய நிலையமே. முனையத்தில் இறங்கியவர் மெட்ரோவை அடைய மேலும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டியிருக்கும். ஆகவே ஏறும் வண்டி எங்கே போய் முடிகிறது என்பதைப் பங்காருபேட்டையிலேயே கேட்டுத் தெளிவது நலம்.

நகரத்தின் நடுப்பகுதியில் உள்ள கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் செல்பவர்க்குக் கன்டோன்மென்ட் நிலையம் ஏற்றது. பழைய பெங்களூர்வாசிகள் அதனைத் 'தண்டு' என்பர். படை தங்கிய இடம் என்பது பொருள். விக்டோரியா மருத்துவமனைக்குச் செல்லவேண்டியவர் மட்டும் மெஜஸ்டிக் சென்றே ஆகவேண்டும். அங்கே ஊதா வழித்தடத்திலிருந்து பச்சை வழித்தடத்துக்கு மாறினால் இரண்டாவது நிலையம் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட். எலக்ட்ரானிக் சிட்டிக்கும் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் முதல் மஞ்சள் வழித்தடத்தில் மெட்ரோ செல்கிறது. ஆயினும் தங்கவயல் பயணி அதில் ஏறவேண்டுமாயின் ஊதா, பச்சை, மஞ்சள் என்று மூன்று வண்ணங்களையும் காணவேண்டும். வெளிவட்டச் சாலைப் பேருந்தில் சில்க் போர்டு வரை சென்று அங்கே மஞ்சள் வண்டியைப் பிடிப்பது வண்ணங்களைக் குறைக்கும், நெரிசலைக் குறைக்காது. எது விரைவு என்பது நாளையும் வேளையையும் பொறுத்தது.

இதுவரை நேரத்தைப் பற்றியே பேசினோம். பணத்தையும் கருதவேண்டும். மாதச் சீட்டின் விலை குறைவு. மெட்ரோவின் கட்டணமோ 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் உயர்த்தப்பட்டு, மிக நீண்ட தூரத்துக்கு 60 ரூபாயாக இருந்தது 90 ரூபாய் ஆயிற்று. ரயிலில் ஒரு மாதம் முழுவதும் செல்ல ஆகும் தொகையை மெட்ரோவில் சில நாட்களிலேயே செலவழிக்க நேரும். பெண்களுக்கு மற்றொரு கணக்கு உண்டு. 2023ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கர்நாடக அரசு சக்தித் திட்டத்தைத் தொடங்கியது. மாநிலத்தில் வசிக்கும் பெண்கள் அடையாள அட்டையைக் காட்டினால், அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம். குளிர்சாதனப் பேருந்துகளுக்கு இது பொருந்தாது. ஆகவே ஒரே வீட்டில், ஒரே இடத்தில் வேலை பார்க்கும் அண்ணனும் தங்கையும் இருவேறு வழியில் செல்வது அறிவுடைமையாக இருக்கலாம். அண்ணன் ரயிலில் கிருஷ்ணராஜபுரம் வரை வந்து மெட்ரோ ஏறுவார். தங்கை அதே நிலையத்தில் இறங்கிக் கட்டணமில்லாப் பேருந்துக்குக் காத்திருப்பார். இருபது நிமிடம் தாமதமானாலும் மாத முடிவில் அவர் கையில் நிற்கும் தொகை வீட்டு அரிசிச் செலவுக்கு உதவும். பெங்களூர் மாநகரப் பேருந்துகளில் நாட்சீட்டும் மாதச்சீட்டும் உண்டு. ஒரே நாளில் பல பேருந்து மாறவேண்டிய ஆடவர்க்கு அவை ஏற்றவை.

பேருந்தின் நெற்றியில் உள்ள எழுத்தைப் படிக்க இயலாத முதியோர் சிலர் தங்கவயலில் உண்டு. தமிழ்ப் பள்ளியில் படித்துச் சுரங்கத்தில் வாழ்நாளைக் கழித்தவர்கள் அவர்கள். அவர்கள் ஊர்ப் பெயரை விட்டு எண்ணையே மனத்தில் இருத்துகின்றனர். மெஜஸ்டிக்கிலிருந்து காடுகோடி செல்வது 335இ என்பதை எழுத்தறியாதவரும் சொல்லுவர். எண் ஒன்றாயினும் திசை இரண்டு உண்டு என்பதை மட்டும் மறத்தலாகாது. ஏறுமுன் நடத்துநரிடம் இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது எவ்வகை இழுக்கும் ஆகாது. பெங்களூர்ப் பேருந்துகளில் தமிழில் கேட்டால் தமிழிலேயே விடை கிடைப்பதும் அரிதன்று. இரண்டு சொல் கன்னடத்தில் கேட்டால் விடையோடு புன்னகையும் கிடைக்கும்.

இனி, நாளைத் திட்டமிடும் முறை. நம்மில் பலர் காலையில் தொடங்கி மாலையை நோக்கிக் கணக்கிடுகிறோம். தங்கவயல் பயணியோ மாலையில் தொடங்கிக் காலையை நோக்கிக் கணக்கிடுகிறார். மாரிக்குப்பம் செல்லும் மாலை வண்டி எத்தனை மணிக்குக் கிருஷ்ணராஜபுரத்தை விட்டுப் புறப்படும் என்பதே அவருடைய நாளின் அச்சாணி. அதிலிருந்து பின்னோக்கி, மெட்ரோவுக்கு இவ்வளவு, நடைக்கு இவ்வளவு, தவறும் ஒரு பேருந்துக்காக இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்தால் வேலையிடத்தை விட்டு அவர் எப்பொழுது கிளம்பவேண்டும் என்பது கிடைக்கும். அந்நேரத்துக்கு மேல் பத்து நிமிடம் இருக்கச் சொல்லும் மேற்பார்வையாளர், தாம் கேட்பது பத்து நிமிடம் என்றே எண்ணுவார். தொழிலாளிக்கு அது ஒன்றரை மணி நேரமாகவோ, பங்காருபேட்டையில் இறங்கி ஆட்டோவுக்குக் கொடுக்கும் அரை நாள் கூலியாகவோ முடியலாம். காலையிலும் இவ்வாறே. ரயில் கால் மணி நேரம் தாமதமானால், பின்னுள்ள ஒவ்வொரு இணைப்பும் ஒன்றையொன்று தள்ளி, வேலையிடத்தில் முக்கால் மணித் தாமதமாக வந்து நிற்கும். வருகைப் பதிவேட்டில் அக்காரணத்தை எழுத இடம் இராது. நாள் ஒன்றுக்கு ஐந்து மணி நேரத்தை வழியிலேயே செலவிடும் ஒருவர், வேலைக்குத் தகுதியற்றவராக அல்லாமல் இணைப்பைத் தவறவிட்டவராக மட்டுமே வேலையை இழக்க நேர்கிறது.

இத்தகைய நிலையில் பெங்களூரிலேயே குடியேறிவிடலாமே என்று கேட்பர். அங்கே ஒரு சிறு அறையின் வாடகை, காவலாளி ஒருவரின் ஊதியத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஸ்கெலட்டனில் பெற்றோர் வாழ்ந்த வீடு இருக்கிறது, உறவினர் இருக்கின்றனர், மாதாகோயிலும் மாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. வாடகையை மிச்சப்படுத்தி அதற்கு ஈடாக உறக்கத்தைக் கொடுக்கிறார்கள் என்றே கொள்ளவேண்டும்.

வருங்காலம் எவ்வாறு இருக்கும்? பெங்களூர்-சென்னை விரைவுச் சாலையில் ஹொசக்கோட்டைக்கும் பேத்தமங்கலத்துக்கும் இடைப்பட்ட பகுதி 2024ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. பேத்தமங்கலம் தங்கவயலுக்கு அண்மையில் உள்ள ஊர். கார் உடையவருக்குப் பெங்களூரின் எல்லை இப்போது மிக நெருங்கி வந்துவிட்டது. கார் இல்லாதவருக்கு அச்சாலையால் நன்மை வரவேண்டுமாயின் அதில் போதிய பேருந்துகள் ஓடவேண்டும். ஓடினாலும் நகரத்து வாயிலில் அவை அதே நெரிசலில் நிற்கவேண்டும்.

பெங்களூருக்கு நெடுங்காலமாக வாராதிருந்த புறநகர் ரயிலுக்கு 2020ஆம் ஆண்டில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. நான்கு வழித்தடங்கள், மொத்தம் 148 கிலோமீட்டர். சம்பிகை, மல்லிகை, பாரிஜாதம், கனகாம்பரம் என்னும் மலர்களை நினைவூட்டும் பெயர்களை அவற்றுக்குச் சூட்டினர். இவற்றுள் பாரிஜாத வழித்தடம் கெங்கேரியிலிருந்து கிழக்கு நோக்கி வந்து ஒயிட்ஃபீல்டில் முடிவதாகத் திட்டம். அது நிறைவேறுமானால் ஒயிட்ஃபீல்டுக்கு மேற்கே உள்ளவர்களுக்கு வண்டிகள் மிகும். பழைய பாதையில் நெருக்கடி குறைவதனால் தங்கவயல் வண்டிகளும் தாமதமின்றி ஓட இடம் உண்டாகலாம். ஒயிட்ஃபீல்டுக்குக் கிழக்கே தேவனகொந்தி, மாலூர், டேக்கல், பங்காருபேட்டை, அங்கிருந்து மாரிக்குப்பம் என்று எஞ்சிய பாதை முழுவதும், ஒப்புதல் பெற்ற அத்திட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அப்பாதையில் இன்றும் பயணியை ஏற்றிச் செல்வது, சுரங்கத்துக்காக 1893-94ஆம் ஆண்டுகளில் போட்ட அதே தடத்தில் விடியுமுன் புறப்படும் வண்டிதான்.